குறுந்தட்டில் இல்லாத குரல்

யோகி பி & நட்சத்ரா குழுவை மேடையில் நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவதை அரை என்றுதான் கணக்கில் வைக்க வேண்டும். அன்று மேடைக்கு வந்தது யோகி பி மட்டும். இந்த இரண்டரை முறையைப் பற்றி எழுத எனக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இதற்கிடையில், பாதியில் மூடி வைத்த நாவல்களுக்குக்கூட பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதியிருக்கிறேன். யாரும் கேட்காமலேயே எழுதியிருக்கிறேன்.

முதல் முறை 2007இன் தொடக்கம். கிள்ளானில் ஒரு மண்டபம். இந்திய மாணவர்கள் ஏற்பாடு செய்திருந்த கலை இரவு. என்னை இழுத்துப் போனவன் என் சின்னம்மா மகன். நான்கு வயது சிறியவன். பிஎம்ஆர் தேர்வோடு பள்ளியை விட்டுவிட்டு, போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் லோரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கள் இரண்டு குடும்பமும் தோட்டத்தை விட்டு வெளியேறி ஒரே மலிவு விலை அடுக்குமாடியில், அவன் மூன்றாவது மாடியிலும் நான் ஐந்தாவதிலும் இருந்தோம். லிப்ட் பெரும்பாலும் ஓடாது. படியில் ஏறும்போது அவன் வீட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும். 'வல்லவன்' குறுந்தட்டு வெளிவந்த 2006ஆம் ஆண்டு முழுக்க மூன்றாவது மாடியைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பாடல்கள் என் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

அவனிடம் இருந்தது பாசார் மாலாமில் வாங்கிய திருட்டுக் குறுந்தட்டு. நான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு கடையில் அசலை வாங்கினேன். வாங்கியதை அவனிடம் சொல்லவில்லை. அப்போது நான் எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்தவன் என்ற மிதப்பில் இருந்தேன். வெண்பாவுக்குச் சீர் பிரிக்கத் தெரியும். இலக்கியக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டத் தெரியும். சொல்லிசை கேட்கிறேன் என்று வெளியில் சொல்ல வெட்கம்.

மண்டபத்தில் ஒலியமைப்பு படுமோசம். பேஸ் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்ததே தவிர, சொற்கள் பாதிக்குமேல் புரியவில்லை. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூன்று பேரும் மேடையில் இருந்தார்கள். யோகி பியின் கனத்த குரல் மட்டும் எப்படியோ அந்தச் சத்தத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. நான் கூட்டத்தின் நடுவில் நின்றேன். எனக்கு முன்னால் இளைஞர்கள். பின்னால் நாற்காலிகளில் குடும்பங்கள், பிள்ளைகளை மடியில் வைத்திருந்த அக்காமார்கள். 'மடை திறந்து' வந்தபோது நான் கவனித்த விஷயம் இதுதான். பல்லவிக்கு மண்டபமே பாடியது. பின்னால் இருந்த அக்காமார்களும் பாடினார்கள். சொல்லிசைப் பகுதி தொடங்கியதும் பின்பாதி மண்டபம் அமைதியாகிவிட்டது. முன்னால் இருந்த முந்நூறு பேர் மட்டும் ஒரு சொல் பிசகாமல் கூடவே சொன்னார்கள்.

பல்லவி நமது அல்ல. 1980இல் வந்த பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. அதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வானொலியில் கேட்டு வளர்ந்தார்கள். இடையில் வரும் சொல்லிசைதான் இங்கே பிறந்தது. அன்று நான் நின்ற இடத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் இருந்தது.

இந்தப் பாடலை ரீமிக்ஸ் என்று சொல்லி ஒதுக்கியவர்கள் உண்டு. பழைய பாட்டில் சவாரி செய்கிறார்கள் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நிழல்கள்' சென்னையில் வேலை கிடைக்காமல் அலையும் இளைஞர்களின் படம். அதில் இந்தப் பாட்டு இசையமைப்பாளனாக வேண்டும் என்று துடிக்கும் ஒருவனின் கனவாக வருகிறது. அவனை யாரும் இன்னும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்கப்போகும் ஒருநாளைக் கற்பனை செய்துகொண்டு பாடுகிறான். படத்தில் அந்தக் கனவு கைகூடுவதும் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் உள்ள ஒரு நாட்டிலிருந்து, மூன்று பேர் சரியாக அந்தப் பாட்டை எடுக்கிறார்கள். ராஜாவின் ஆயிரக்கணக்கான பாடல்களில் இதை எடுத்தது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. தற்செயலாகவே இருந்தாலும் பாதகமில்லை. அவர்கள் கனவு கண்டவனின் பல்லவியை அப்படியே விட்டுவிட்டு, அவன் பேசாத இடத்தில் தங்கள் பேச்சை வைத்தார்கள்.

அன்றிரவு மோட்டாரில் திரும்பும்போது தம்பி ஒரு சிவப்புச் சிக்னலில் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். ஒட்டுக்கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டு.

"அண்ணே, வீட்டுக்குப் போயி பாரு. சில வார்த்த வெளங்கல. நீதான் தமிழு படிச்சவனாச்சே."

வீட்டுக்குப் போய்ப் பிரித்தேன். நோட்டு முழுக்க 'வல்லவன்' பாடல்களின் சொல்லிசைப் பகுதிகள். எல்லாம் ரூமி எழுத்தில். அவன் படித்தது மலாய்ப்பள்ளி. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பாகப் போட்டிருந்தான். ஒற்று அழுந்தும் இடத்தில் எழுத்தைத் தடிமனாக்கி, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தியிருந்தான். பிறகு ஒவ்வொரு வரியிலும் அங்கங்கே ஒரு சாய்வுக்கோடு.

"இது என்னாடா கோடு?" என்று மறுநாள் கேட்டேன்.

"மூச்சு விடுற எடம்ணே. அங்க விடலன்னா அடுத்த லைன் பிடிக்க முடியாது."

அவன் செய்திருந்தது சீர் பிரிப்பு. இலக்கணப் புத்தகத்தில் சொல்லும் சீர் அல்ல, காதால் பிரித்த சீர். நான் தேர்வுக்காகக் குறிலையும் நெடிலையும் மனப்பாடம் செய்து நேர், நிரை என்று எழுதிக்கொண்டிருந்த அதே வேலையை, கிடங்கில் இரவு வேலை முடித்து வந்த ஒருவன் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்து வைத்திருக்கிறான். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் நான் 'வல்லவன்' தொகுப்பை உட்கார்ந்து கேட்டேன். அதுவரை கேட்டதெல்லாம் கேட்டதில் சேராது.

இனி கொஞ்சம் மொழிக் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வரியின் கடைசியை ஒலிக்கச் செய்வது மிகச் சுலபம். வருவேன், தருவேன், பெறுவேன் என்று எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். வினைச்சொல்லின் விகுதி தானாகவே இயைபைக் கொடுத்துவிடும். உழைப்பே தேவையில்லை. ஆங்கிலச் சொல்லிசை கடைசிச் சொல்லை நம்பி நிற்பது. அதைப் பார்த்து அப்படியே தமிழில் செய்தவர்கள் எல்லாம் 'டேன் டேன்' என்று மணியடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் அடிக்கிறார்கள். தமிழ்ச் செய்யுளின் பலம் வரியின் தலையில், மோனையிலும் எதுகையிலும் இருக்கிறது. 'வல்லவன்' தொகுப்பின் நல்ல பகுதிகளில் என் காதுக்கு முதலில் பட்டது அந்தத் தலைப்பக்க ஒலிதான். இரண்டாவது, வல்லின ஒற்றுகளைத் தாளத்தின் அடி விழும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. க்க, ட்ட, த்த, ப்ப என்பவை தமிழுக்குள் ஏற்கெனவே இருக்கும் பறை. மெல்லிசைப் பாடகர்கள் அதை மழுக்கித்தான் பாடுவார்கள். இவர்கள் மழுக்கவில்லை. தம்பி பேனாவால் தாளைக் கிழித்த இடங்கள் இவைதான்.

பொயட்டிக் அம்மோ காலத்தில் இது கிடையாது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி.லோக்கோ நால்வரும் 1998இல் வெளியிட்ட 'இட்ஸ் எ நைஸ் டே டு டை' முதன்மையாக ஆங்கிலத் தொகுப்பு. மலேசிய ஹிப்ஹாப்புக்கு அது பெரிய வாசல், மறுக்கவில்லை. ஆனால் அதில் தமிழ் விருந்தாளி. வரவேற்பறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நட்சத்ராவில்தான் தமிழ் வீட்டுக்காரனாக அடுப்படி வரை நடமாடியது.

குறைகளும் உண்டு. ரசிகன் என்பதால் அதை விழுங்கிவிட முடியாது. முதல் குறை தற்பெருமை. சொல்லிசைக்கு அது மரபு என்பார்கள். நம் புலவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஆனாலும் 'நான் யார் தெரியுமா' என்ற தொனி தொகுப்பு முழுக்க நீளும்போது சலிப்புத் தட்டுகிறது. 'நான்' என்பவன் எந்தத் தாமானில் இருக்கிறான், மாசம் என்ன சம்பளம் வாங்குகிறான், அவன் அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்றெல்லாம் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. தொகுப்பு அதைப் போதுமான அளவுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது, செந்தமிழ்ச் சொற்களை நகைபோல மாட்டிக்கொள்வது. தம்பி அர்த்தம் கேட்டுக் கோடிட்டிருந்த சொற்களில் பாதி இப்படிப்பட்டவை. லயத்திலும் அடுக்குமாடியிலும் நாம் பேசும் தமிழ், 'காடி'யும் 'பாசா'ரும் 'தாப்பாவு'ம் கலந்த தமிழ், இன்னும் நிறைய உள்ளே வந்திருக்க வேண்டும். வேகத்துக்கு அது அவ்வளவு தோதான மொழி. வாசல் வரை வந்த அதை முழுதாக உள்ளே விடவில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாவது முறை 2008 ஜனவரி. பூச்சோங் பக்கம் ஒரு திறந்தவெளி. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் தெருக்களில் நடந்த ஹிண்ட்ராப் பேரணி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பேரணிக்குத் தம்பி போயிருந்தான். நான் போகவில்லை. கண்ணெரிச்சலோடு திரும்பி வந்தவனை மூன்றாவது மாடிப் படியில் பார்த்தேன். முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததோடு என் பங்களிப்பு முடிந்தது.

ஆகவே, பூச்சோங்கில் கூடிய கூட்டம் கிள்ளான் கூட்டம் அல்ல. அதே பாடல்கள்தான். முன்பு வெறும் தற்பெருமையாக எனக்குக் கேட்ட வரிகளை ஆயிரம் பேர் சேர்ந்து சொல்லும்போது வேறு ஏதோவாக இருந்தது. எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத ஓர் அர்த்தத்தைக் கேட்டவர்கள் கொண்டுவந்து அதில் ஏற்றியிருந்தார்கள். சற்று முன் நான் குறை என்று சொன்னதை முழுதாக வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அன்று அந்தக் குறை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நிகழ்ச்சியின் நடுவில் பின்னணி இசை திடீரென்று நின்றுபோனது. ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் எந்தக் கம்பியை மிதித்தாரோ தெரியவில்லை. மைக் மட்டும் வேலை செய்தது. மேடையில் சொல்லிக்கொண்டிருந்த குரல் நிற்கவில்லை. பீட் இல்லாமல் அப்படியே போனது. இரண்டு மூன்று வரிக்குள் முன்வரிசை கைதட்டத் தொடங்கியது. அது ஹிப்ஹாப் தட்டு அல்ல. அந்தத் தட்டு எனக்குத் தெரியும், அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் உறுமி மேளத்தோடு போகும் பையன்கள் தட்டும் தட்டு அது. பத்துமலைக்கு நடந்தே போகிறவர்களுக்கு அது காலில் ஊறியிருக்கும். ஒருவர் வரியைச் சொல்ல, கடைசிச் சொல்லை மற்றவர்கள் சேர்ந்து அடிக்க, கூட்டமும் அதையே திருப்பி அடித்தது. 'வேல் வேல்' என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க 'வெற்றி வேல்' என்று பத்துப் பேர் வாங்கிக்கொள்வார்களே, அதே ஏற்பாடு. பெயர்தான் வேறு.

ஒரு நிமிடம் இருக்கும். ஒன்றரை நிமிடம்கூட இருக்கலாம். பிறகு இசை திரும்பி வந்துவிட்டது. எனக்கு அது திரும்பி வந்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

அமெரிக்கக் கறுப்பர்களைப் பார்த்து நம் பையன்கள் வேஷம் கட்டுகிறார்கள் என்பது அந்தக் காலத்தில் நம்மூரில் பெரிய குற்றச்சாட்டு. தொப்பியையும் தொளதொளச் சட்டையையும் பார்த்தவர்கள் சொன்னது. கூட்டத்தின் கையைப் பார்க்கவில்லை. அந்தக் கைக்கு யாரும் எதையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொடுப்பதும் வாங்கிச் சொல்வதும் நூற்றாண்டுக்கு மேலாக இந்த மண்ணில் காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. நட்சத்ரா அதை முருகனிடமிருந்து கடன் வாங்கி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். 'வல்லவன்' குறுந்தட்டில் இது கேட்காது. குறுந்தட்டில் கூட்டமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தின் துல்லியத்தில் எடுக்கும் குரல் மட்டும் இருக்கிறது, வாங்கும் குரலுக்கு உரிய இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தில்தான் தம்பி தன் கோடுகளைப் போட்டிருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அதே மாதத்தில் ஒரு இலக்கியக் கூட்டம். மூத்த எழுத்தாளர் ஒருவர் பேச்சின் நடுவே, "இப்ப ஒண்ணு வந்திருக்கு, பாட்டுமில்ல பேச்சுமில்ல, வெறும் கத்தல்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சட்டைப்பையில் அந்த 555 நோட்டு இருந்தது. அர்த்தம் எழுதித் திருப்பிக் கொடுப்பதற்காக வைத்திருந்தேன். எழுந்து அதைக் காட்டியிருக்கலாம். 'ஐயா, தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவன் சீர் பிரித்திருக்கிறான், பாருங்கள்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவர் நல்லவர், கேட்டிருப்பார் என்றுகூட நினைக்கிறேன். நான் பயந்தது அவருக்கு அல்ல. அந்த அறையில் எனக்கு அப்போதுதான் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது.

மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கு வாசகர் இல்லை, இளைஞர்கள் வருவதில்லை என்று அன்றைய கூட்டத்திலும் தீர்மானம்போலச் சொல்லிக் கலைந்தோம். தேநீரும் வடையும் இருந்தன.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 2007இலேயே 'பொல்லாதவன்' வந்துவிட்டது. ஜி.வி.பிரகாஷ் இசையில் 'எங்கேயும் எப்போதும்' பாடலின் மறுவடிவத்தில் யோகி பி. அதுவும் பழைய பல்லவிதான், 1979இன் 'நினைத்தாலே இனிக்கும்'. 2011இல் 'ஆடுகளம்', 2017இல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா'. நம்மூர்க் குரல் சென்னைத் திரையரங்குகளில் ஒலித்தபோது நானும் விசிலடித்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சினிமா அந்தக் குரலை எதற்குப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். கதாநாயகன் நடந்து வர வேண்டும், அதற்குச் சில வரி காரம் தேவை. கறிவேப்பிலை என்று எழுதக் கை வருகிறது, வேண்டாம். அந்த வரிகளை அவர் நன்றாகத்தான் செய்கிறார். எடுத்துக்கொடுப்பவருக்கு அங்கே வாங்குபவர் கிடையாது. கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழா போன்றவர்கள் வந்து இதையே முழுப்படத்துக்கான இசையாக்கியது பின்கதை. அந்தப் பாதையில் முதலில் கல் பொறுக்கியவர்கள் யார் என்று இன்றைய கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால், பதில் எல்லா நேரமும் வருவதில்லை.

மூன்றாவது முறை, அந்த அரை முறை, 2012 என்று நினைவு. ஷா ஆலமில் ஓர் உள்ளரங்கம். தமிழ்நாட்டிலிருந்து பாடகர்கள் வந்திருந்த பெரிய நிகழ்ச்சி. தம்பி அப்போது ஜிடிஎல் லைசென்ஸ் எடுத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். டிக்கெட் அவன் செலவு. யோகி பி வந்தார், படப்பாட்டு பாடினார், கூட்டம் குதித்தது. குரலில் ஒரு குறையும் இல்லை. கிள்ளானில் கேட்காத சொற்கள்கூட இங்கே பளிங்குபோலக் கேட்டன. தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். 'மடை திறந்து' வந்தபோது மட்டும் வாய் அசைந்தது. பல்லவிக்கு அசையவில்லை.

திரும்பும்போது பெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல். காடிக்குள் அந்தத் தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. என் அசல் குறுந்தட்டுதான், அவனிடம் கொடுத்து வருடங்களாகியிருந்தன. 555 நோட்டு என்னாச்சு என்று கேட்டேன். வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது என்றான். நீ எழுதிக் கொடுத்த அர்த்தமெல்லாம் மட்டும் ஞாபகம் இருக்குண்ணே என்றான். நான் மொத்தம் பதினொரு சொல்லுக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நெரிசல் நகரவில்லை. அவன் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். ஆறு வருடத்துக்கு முந்தைய பாட்டு, ஒரு சொல் பிசகவில்லை. நானும் மெதுவாகச் சேர்ந்துகொண்டேன். மூன்றாவது வரியில் எனக்குத் திணறிவிட்டது.

"அங்க மூச்சு விடாதண்ணே," என்றான். "இன்னும் ரெண்டு வார்த்த தள்ளி."

மறுபடியும் முதலிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.